ஸ்டிக்கர் நம்பரைப் பாத்து லப்டொப் வாங்கலாமோ? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கேள்வியளில முக்கால்வாசி ஒரே விசயம்தான், லப்டொப்பிலயும் போனிலயும் ஒட்டியிருக்கிற நம்பரை நம்பலாமோ எண்டு. காலபோக நெல்லு வித்த காசு கையில இருக்கிற நேரம், பிள்ளையளும் கம்பசுக்கு வெளிக்கிடுகினம், அதால இந்தக் கேள்வியளை மட்டும் எடுத்து வடிவா எழுதுறன், மற்றதெல்லாம் அடுத்த இதழில வரும்.

கேள்வி (மல்லாவி, ஒரு அம்மா): மகனுக்கு அறிவியல்நகரில இன்ஜினியரிங் படிக்கக் கிடைச்சிருக்கு. வவுனியாவில ஒரு கடையில பாவிச்ச லப்டொப் ரெண்டு காட்டினவை, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒண்டு கோர் ஐ7, 2.7 கிகாஹேர்ட்ஸ். மற்றது கோர் ஐ5, 1.6 கிகாஹேர்ட்ஸ். கடைத் தம்பி ஐ7தான் பெரிசு, ஸ்பீட்டும் கூட எண்டு சொல்லுறார், மகனும் அதைத்தான் கேக்கிறான். எதை எடுக்கலாம்?

பதில்: அம்மா, முதல்ல மகனுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ. ரெண்டு மிசினின்ர முழு மொடல் நம்பரையும் எழுதி அனுப்பினது பெரிய உதவி, கனபேர் அதை விட்டுட்டு ஐ5, ஐ7 எண்டு மட்டும் எழுதுவினம், அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. உங்கட ஐ7 எண்டது ஐ7-7500யூ, ஐ5 எண்டது ஐ5-8250யூ. ஐ5ஐ எடுங்கோ, யோசிக்கவே வேண்டாம்.

கோட்டுக்குப் பிறகு வாற நம்பரில முதல் இலக்கம்தான் எந்தத் தலைமுறை எண்டு காட்டுறது, 7500 ஏழாம் தலைமுறை, 8250 எட்டாம் தலைமுறை, பத்தாம் தலைமுறையில இருந்து முதல் ரெண்டு இலக்கத்தையும் பாக்கவேணும். அந்த ஐ7 வந்தது 2016இல, உள்ளுக்க ரெண்டு கோர்தான் கிடக்கு, கோர் எண்டுறது சிப்புக்குள்ள வேலை செய்யிற மூளை, 'கோர் ஐ7' எண்டதில வாற கோர் வெறும் பேர்தான். ஐ5 வந்தது 2017இல, அதில நாலு கோர். இந்தச் சிப்புகளைச் செய்யிற இன்ரெலோட போட்டிக்கு ஏஎம்டி எண்ட கொம்பனி தன்ர ரைசன் சிப்போட வந்த வருசம் அது, ஒரு வருசத்துக்குள்ள இன்ரெல் இந்த வகை லப்டொப் சிப்பில கோரை ரெண்டு மடங்காக்கிச்சு, ஆனா பேரில ஐ5 அதே ஐ5தான். 7 பெரிசோ 5 பெரிசோ எண்டு ஒரே தலைமுறைக்குள்ளதான் பாக்கலாம், தலைமுறை மாறினா அந்தக் கணக்கு சரிவராது, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டினம், கனபேருக்குத் தெரியவும் தெரியாது.

இனி அந்த 2.7, 1.6 எண்டுறது. விண்டோசில எபவுட் பக்கத்தைத் திறந்தா அந்த நம்பர் காட்டும், கடையில அதைத்தான் உங்களுக்குக் காட்டியிருப்பினம். அது அடிப்படை வேகம், வேலை வரேக்க ஐ7 3.5 வரைக்கும் போகும், ஐ5 3.4 வரைக்கும் போகும், அப்ப உண்மையில ரெண்டுக்கும் அதில வித்தியாசம் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. அதோட கிகாஹேர்ட்ஸ் எண்டுறது ஒரு செக்கனில எத்தினை கோடி தரம் துடிக்குது எண்டு மட்டும்தான் சொல்லும், ஒவ்வொரு துடிப்பிலயும் எவ்வளவு வேலை முடியுது எண்டு சொல்லாது. வரம்பு கட்டுற இடத்தில ஒருத்தன் படபடவெண்டு மண்வெட்டியைப் போடுவான், மேல்மண்தான் சுரண்டுப்படும், மற்றவன் ஆறுதலாப் போட்டாலும் வெட்டுக்கு ஒரு பாளம் மண் வரும், பின்னேரம் எவன்ர வரம்பு நீளம் எண்டுதானே நீங்கள் பாப்பியள்.

இன்னொண்டு, இதுதான் எனக்குப் பெரிய கவலை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிப்பாட்டிப் போட்டுது. விண்டோஸ் 11க்கு இன்ரெல் எண்டால் பொதுவா எட்டாம் தலைமுறையில இருந்துதான் முறைப்படி ஏத்துக்கொள்ளுது. அந்த ஐ7 ஏழாம் தலைமுறை. நாலு வருசம் படிக்கப்போற பிள்ளைக்கு இப்பவே விண்டோஸ் சப்போர்ட் இல்லாத மிசினை விக்கிறது சரியில்லை. ஐ5ஐ எடுக்கேக்க எஸ்எஸ்டி (சுத்துற டிஸ்க் இல்லாத, வேகமான ஸ்ரோரேஜ்) இருக்கோ எண்டு பாருங்கோ, ராம் 8 ஜிபியா இருந்தா 16 ஆக்கிக் குடுங்கோ, ஆட்டோகாட், மட்லாப் மாதிரி இன்ஜினியரிங் புறோகிராமுகள் எல்லாம் ஓடவேணும். பட்டறி எவ்வளவு நேரம் நிக்குது எண்டு கடையிலயே வயரைக் கழட்டிப்போட்டுப் பாத்திட்டு எடுங்கோ.

கேள்வி (விசுவமடு, ஒரு அண்ணை): மகளுக்கு வாங்கின லப்டொப்பில நாலைஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதை நம்பி வாங்கினன், இப்ப ஒரு சூம் வகுப்புக்கே இறுகி நிக்குது. நாங்கள் படிக்காத ஆக்கள் எண்டபடியாத்தான் உப்பிடிச் செய்யினமோ?

பதில்: அண்ணை, அப்பிடி நினைக்க வேண்டாம். உலகத்தில ஆருக்கு நடந்தது எண்டு சொல்லுறன் கேளுங்கோ. 2006இல விண்டோஸ் விஸ்ரா வாறதுக்கு முதலே, கடையில இருந்த கொம்பியூட்டரில எல்லாம் 'விஸ்ரா கேப்பபிள்' எண்டு ஸ்டிக்கர் ஒட்டி வித்தவை, விஸ்ரா வந்தாலும் இது தாங்கும் எண்டு சனம் நம்பி வாங்கினது. ஆனா இன்ரெலின்ர 915 எண்ட கிராபிக்ஸ் சிப் இருந்த மிசினுகளுக்கும் அந்த ஸ்டிக்கரைக் குடுக்க மைக்ரோசொப்ட் விட்டிட்டுது, அதில விஸ்ராவின்ர புது வடிவத்தோற்றம் ஓடாது, அடிப்படைப் பதிப்பு மட்டும்தான். 2007இல வழக்குப் போட்டவை. அந்த வழக்கில வெளிவந்த ஈமெயிலில ஒண்டு, மைக்ரோசொப்டின்ர வைஸ் பிறசிடன்டா இருந்த மைக் நாஷ் எழுதினது, தானும் அந்த லோகோவைப் பாத்து வாங்கிப்போட்டு இப்ப 2,100 டொலருக்கு ஈமெயில் பாக்கிற மிசின் ஒண்டு வைச்சிருக்கிறன் எண்டு. விஸ்ராவைச் செய்த கொம்பனிக்குள்ள மேல் பதவியில இருந்த மனுசனுக்கே அந்த ஸ்டிக்கர் விளங்கேல்லை எண்டால் உங்களில என்ன பிழை இருக்கு?

மகளின்ர லப்டொப்பில செலரோன் என்4020 சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஈஎம்எம்சி எண்டு எழுதியிருக்கிறியள். ரெண்டு கோர்தான், ஈஎம்எம்சி எண்டுறது மெமரி காட் மாதிரி போர்டிலயே ஒட்டின சாமான், எஸ்எஸ்டி வேகம் வராது. விண்டோஸ் 11 கேக்கிற ஆகக் குறைஞ்ச அளவே 4 ஜிபியும் 64 ஜிபியும்தான், அப்ப 'விண்டோஸ் 11 ஓடும்' எண்ட ஸ்டிக்கர் பொய் இல்லை, ஓடும் எண்டதுக்கும் வேலை செய்யலாம் எண்டதுக்கும் இடையில கிடக்கிற தூரத்தைத்தான் அது சொல்லேல்லை. இப்போதைக்கு சூமை மட்டும் திறந்து வைச்சு, குரோமில கிடக்கிற மற்ற ரப் எல்லாத்தையும் மூடி, ஸ்ராட் ஆகேக்க தானா ஓடுற புறோகிராமுகளை நிப்பாட்டிப் பாருங்கோ, கொஞ்சம் மூச்சு வரும். சில மொடலில ராம் ஏத்தலாம், சிலதில ஏலாது, திறந்து பாத்தாத்தான் தெரியும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, ஐசிரி படிக்கிற தம்பி): உந்த நம்பர் விளையாட்டை ஆர் துவக்கினது? இன்ரெலோ ஏஎம்டியோ?

பதில்: தம்பி, ஒருத்தரை மட்டும் காட்டேலாது. 90களில சனம் மெகாஹேர்ட்ஸைத்தான் (1000 மெகாஹேர்ட்ஸ் சேந்தா ஒரு கிகாஹேர்ட்ஸ்) பாத்து வாங்கினது, அதால அதில குறைஞ்சு நிண்ட கொம்பனியளுக்கு வழி தேவைப்பட்டுது. 1996இல சைரிக்ஸ், ஏஎம்டி, ஐபிஎம் எல்லாம் சேந்து பிஆர் றேற்றிங் எண்டு ஒண்டு கொண்டுவந்தவை. சைரிக்ஸ் 6எக்ஸ்86 பிஆர்200+ எண்ட சிப் உண்மையில ஓடினது 150 மெகாஹேர்ட்ஸில, 200 மெகாஹேர்ட்ஸில ஓடுற இன்ரெலின்ர பென்ரியம் சிப்புக்குச் சமன் எண்டு அர்த்தம். வின்ஸ்ரோன் எண்ட ஒபீஸ் வேலைச் சோதனையில அது சரியாத்தான் இருந்தது, ஆனா தசமக் கணக்குச் செய்யிற பகுதி அதில பலவீனம், அந்த வருசமே வந்த குவேக் கேமைப் போட்ட பெடியளுக்கு 200 எண்டு நம்பி வாங்கினது 200 மாதிரி ஓடேல்லை. நம்பர் பொய்யில்லை, ஆனா அது வேற ஒருத்தன்ர வேலைக்குச் சொன்ன நம்பர். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது, எந்த வேலையை அளந்தது எண்டு கேக்காமல் நம்பரை மட்டும் எடுத்தா அது எங்களுக்கு ஒண்டும் சொல்லாது.

2000 நவம்பரில இன்ரெல் பென்ரியம் 4ஐ விட்டுது. கிகாஹேர்ட்ஸ் ஏறவேணும் எண்டதுக்காகவே வேலையை 20 சின்னப் படியாப் பிரிச்ச டிசைன் அது, பிறகு 2004இல வந்த பிரெஸ்கொட் எண்ட பென்ரியம் 4இல 31 படி. படி கூட, துடிப்பு கூட, துடிப்புக்கு முடியிற வேலை குறைவு. முதல் வந்த 1.5 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 சில வேலையளில 1 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 3இட்டையே தோத்தது. ஆனா விளம்பரத்தில 1.5 தானே பெரிசு. அதுக்கு மறுமொழியா 2001 ஒக்டோபரில ஏஎம்டி அத்லோன் எக்ஸ்பி எண்ட சிப்பை விட்டு, 1.53 கிகாஹேர்ட்ஸ் சிப்புக்கு 1800+ எண்டு பேர் வைச்சுது. எங்கட பழைய அத்லோனோட ஒப்பிட்டு வைச்ச நம்பர் எண்டு ஏஎம்டி சொன்னது, கடையில நிண்ட சனம் எல்லாம் 1.8 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 எண்டுதான் வாசிச்சுது. நியாயமாச் சொன்னா அந்த நேரம் 1800+ அந்தப் பென்ரியத்துக்கு ஈடு குடுத்தது உண்மை. பிறகு 3000+, 3200+ எண்டு ஏத்திக்கொண்டு போகேக்க கனபேர் இது கூடிப்போச்சு எண்டு சொன்னவை, விக்கிறவனே புள்ளி போட்டா அப்பிடித்தான் ஏறும்.

கடைசியில இன்ரெலே அதில இருந்து இறங்கிட்டுது. 2004இல சிப்பின்ர பேருக்கு கிகாஹேர்ட்ஸை விட்டுட்டு வேற நம்பர் வைச்சவை, அதே வருசம் ஒக்டோபரில 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4ஐக் கைவிட்டவை, 2006இல வந்த கோர் 2 டுவோ குறைஞ்ச கிகாஹேர்ட்ஸில ஓடி அதை நல்லா முந்திச்சு.

இதுக்குள்ள வழக்கும் நடந்தது. பென்ரியம் 4 வேகமா ஓடுது எண்டு காட்டுறதுக்குச் சோதனை மென்பொருளையே தங்களுக்கு ஏத்தமாதிரிச் செய்விச்சவை எண்டு அமெரிக்காவில இன்ரெலுக்கு எதிரா. பிழையை ஒத்துக்கொள்ளாமலே 2014இல இன்ரெல் சமரசத்துக்கு வந்தது, 2000 நவம்பர் 20க்கும் 2001 டிசம்பர் 31க்கும் இடையில வாங்கின ஆக்களுக்கு 15 டொலர். ஏஎம்டிக்கும் அப்பிடி ஒண்டு, எப்எக்ஸ் புல்டோசர் சிப்பை எட்டு கோர் எண்டு வித்தது சரியில்லை, ரெண்டு ரெண்டு கோர் சில பகுதியளைப் பங்குபோடுது எண்டு வழக்கு, 2019இல 121 லட்சம் டொலருக்கு முடிச்சவை. யோசிச்சுப் பார் தம்பி, பதினாலு வருசம் கழிச்சு 15 டொலர், அதுவும் அமெரிக்காவில வாங்கின ஆக்களுக்கு மட்டும். ஏ9 பாதை 2002இல திறந்தாப்பிறகு காசு சேத்து பென்ரியம் 4 வாங்கின எங்கட சனத்துக்கு ஒருத்தரும் ஒரு கடிதம்கூடப் போடேல்லை. அதால எங்களுக்கு வாங்க முதல் கேக்கிறதை விட்டா வேற பாதுகாப்பு இல்லை, நீ ஐசிரி படிக்கிற பிள்ளை, உன்ர ஊர்ச்சனம் லப்டொப் வாங்கப் போகேக்க கூடப் போ.

கேள்வி (முள்ளியவளை): 256 ஜிபி எஸ்எஸ்டி எண்டு வாங்கினன், 238 தான் காட்டுது. ஏமாத்தோ?

பதில்: இல்லை. செய்யிறவை 1000, 1000 எண்டு பெருக்கி ஜிபி கணக்குப் பாக்கினம், விண்டோஸ் 1024ஆல வகுத்துக் காட்டுது. 1 ரிபி (1000 ஜிபி) போட்டாலும் 931 தான் காட்டும். சாமான் சரி, பயப்பிடாதேங்கோ.

கேள்வி (பரந்தன், ஒரு அக்கா): புது லப்டொப் ஒண்டு, ரைசன் 5, 7000 சீரிஸ் எண்டு விளம்பரம். விலையும் குறைவு. நல்லதோ?

பதில்: அக்கா, அந்த நாலு இலக்கத்தில மூண்டாவதைப் பாருங்கோ. 2023க்கு எண்டு ஏஎம்டி வைச்ச முறையில முதல் இலக்கம் 7 எண்டால் வருசம் மட்டும்தான், உள்ளுக்க இருக்கிற டிசைன் எவ்வளவு பழசு எண்டது மூண்டாவது இலக்கத்தில. ரைசன் 5 7520யூ எண்டால் அதில 2, அது சென் 2 எண்ட டிசைன், முதல் வந்தது 2019இல. 7530யூ எண்டால் சென் 3. 7640யூ எண்டால் சென் 4, 2022இல வந்த டிசைன். மூண்டிலயும் ரைசன் 5 7000 எண்டுதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். விலை குறைஞ்சதெண்டு சொல்லுறியள், அப்ப பெரும்பாலும் 7520யூவாத்தான் இருக்கும், அதில ராம் போர்டிலயே ஒட்டினபடி வரும், 8 ஜிபி எண்டு வாங்கினா கடைசி வரைக்கும் 8 ஜிபிதான், பேந்து ஏத்தேலாது. கணக்கு எழுத, கடிதம் அடிக்க, வீடியோ பாக்க அது போதும், அதுக்குத்தான் எண்டால் தாராளமா வாங்குங்கோ. பிள்ளை வீடியோ எடிட் பண்ணப்போகுது எண்டால் 7530யூவைத் தேடுங்கோ.

இன்ரெலும் 2023இல இருந்து செலரோன், பென்ரியம் எண்ட பேருகளை லப்டொப்பில இருந்து எடுத்துப்போட்டு வெறுமன 'இன்ரெல் புறொசசர்' எண்டு வைச்சிருக்கு. செலரோன் எண்டால் வேகம் குறைவு எண்டு சனத்துக்கு விளங்கத் துவங்கின நேரத்தில அந்தப் பேர் இல்லாமல் போறது வாங்கிற ஆக்களுக்கு நல்லதில்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.

கேள்வி (கிளிநொச்சி, கம்பஸ் பெடியன்): யூரியூப்பில சினிபெஞ்ச் எண்ட வேகச் சோதனையின்ர ஸ்கோர் பாத்துத்தான் வாங்கினன், அதே மொடல், என்ர மிசினில அந்த ஸ்கோர் வருகுதே இல்லை.

பதில்: அவங்கள் அளந்தது ஏசி அறைக்குள்ள, நீ இருக்கிறது தகரக் கூரைக்குக் கீழ, சித்திரை மாச மத்தியானம். சிப் சூடேறினா தன்னைக் காப்பாத்த வேகத்தைக் குறைக்கும், மெல்லிய லப்டொப்பில இது கெதியா நடக்கும். கீக்பெஞ்ச் மாதிரி கெதியா முடியிற சோதனையில சூடு ஏறமுதலே ஸ்கோர் வந்திடும், சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிசம் விடாமல் ஓட்டும், அதாலதான் அதில வித்தியாசம் தெரியுது. மேசையில வைச்சு, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயத்தி, சார்ஜரைக் குத்தி, பவர் மோட்டை மாத்தி ஒருக்கா ஓட்டிப் பார். கிறவல் றோட்டுப் புழுதி உள்ளுக்க சுத்துற காத்தாடிக்குள்ள அடைஞ்சிருந்தா துப்பரவாக்குவி. ராம் ஒரு கட்டையா ரெண்டு கட்டையா எண்டும் பார், ஒண்டெண்டால் கேமில நல்லா அடிவாங்கும். கிராபிக்ஸ் காட்டுக்கும் இதே கதைதான், ஆர்ரிஎக்ஸ் 3050 லப்டொப் சிப்பை 35 வாட்டில இருந்து 80 வாட் வரைக்கும் கொம்பனியள் தாங்கள் நினைச்ச மாதிரி வைக்கலாம், பேர் ஒண்டுதான், வேகம் ஒண்டில்லை. அதோட சினிபெஞ்ச் முப்பரிமாணப் படம் கீறுற வேலை, எல்லாக் கோரையும் பாவிக்கும், நீ அசைன்மென்ற் எழுதுற வேலைக்கு ஒத்தைக் கோர் ஸ்கோர்தான் முக்கியம்.

கேள்வி (ஒட்டுசுட்டான், ஒரு தங்கச்சி): போன் பெட்டியில '16 ஜிபி ராம்' எண்டு பெரிசாப் போட்டுக் கீழ சின்னனா 8+8 எண்டு கிடக்கு. அதென்ன? அன்ருரு எண்ட சோதனை அப்பின்ர ஸ்கோரும் போட்டிருக்கு.

பதில்: தங்கச்சி, ராம் 8 தான். மற்ற 8 போனின்ர ஸ்ரோரேஜில இருந்து எடுத்து ராம் மாதிரிப் பாவிக்கிறது, உண்மையான ராமின்ர வேகம் அதுக்கு வராது, படம் வீடியோ வைக்கிற இடமும் அவ்வளவு குறையும். 8 ஜிபி போன் எண்டு நினைச்சு விலையைப் பார்.

ஸ்கோரில கள்ளம் நடந்திருக்கு, பெரிய கொம்பனியளிலயே. 2013இல சாம்சங் கலக்சி எஸ்4 சோதனை அப்பைக் கண்டவுடன வேகத்தைக் கூட்டினதை ஆனந்த்ரெக் எண்ட தொழில்நுட்ப இணையத்தளம் வெளியில கொண்டுவந்தது, 2018இல ஹுவாவே பி20 அதே மாதிரிப் பிடிபட்டு 3டிமார்க் எண்ட சோதனையின்ர பட்டியல்ல இருந்து தூக்கினவை, 2021இல வன்பிளஸ் 9ஐ கீக்பெஞ்ச் தூக்கினது. 2022 மார்ச்சில எஸ்10இல இருந்து எஸ்22 வரைக்கும் சாம்சங்கின்ர முதல்தரப் போனுகளையும் கீக்பெஞ்ச் தூக்கினது, கேமுகளின்ர வேகத்தைக் குறைச்சுப்போட்டு சோதனை அப்பை மட்டும் குறைக்காமல் விட்டவை எண்டதுக்காக. இதெல்லாம் விலை கூடின போனுகள். கடையில போனை வாங்கிக் கமெராவைத் திற, வட்ஸ்அப்புக்கு மாறு, கூகிள் மப்புக்குப் போ, திரும்பக் கமெராவுக்கு வா, எங்க இழுபடுது எண்டு உன்ர கைக்கே தெரியும்.

கேள்வி (அக்கராயன், ஒரு ரீச்சர்): வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் காசு அனுப்பியிருக்கினம், பள்ளிக்கூடத்துக்குப் பத்துக் கொம்பியூட்டர். கொட்டேசனில 'கோர் ஐ5, 8 ஜிபி, 500 ஜிபி' எண்டு மட்டும் வந்திருக்கு. அதோட போன வருசம் ஒரு கடை சொன்னதொண்டு தந்ததொண்டு, ஆரிட்ட முறையிடுறது?

பதில்: ரீச்சர், அந்தக் கொட்டேசனைத் திருப்பி அனுப்புங்கோ. கோர் ஐ5 எண்டால் 2011இல வந்த ஐ5-2400உம் அதுதான், 2022இல வந்த ஐ5-12400உம் அதுதான், முதலாவதில நாலு கோர், மற்றதில ஆறு கோர், ரெண்டுக்கும் ஒரே பேர் போட்டு விலை கேக்கேலாது. 500 ஜிபி எண்டது பழைய சுத்துற ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா எண்டும் இல்லை, பிள்ளையளுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி அதைவிட எவ்வளவோ மேல். சிப்பின்ர முழு நம்பர், ராம் எத்தினை கட்டை, எஸ்எஸ்டி எண்ட சொல், புதுசா திருத்தினதா, வாறன்ரி எத்தினை வருசம், பழுதானா ஆர் பள்ளிக்கூடத்துக்கு வாறது, இவ்வளவும் எழுத்தில கேளுங்கோ. விக்கிற கடை ஒண்டு வாய் நிறையச் சொல்லிப்போட்டு எழுதித்தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கோ. பத்தையும் எடுக்கமுதல் ஒண்டை எடுத்து, நீங்கள் வகுப்பில பாவிக்கிற அதே புறோகிராமுகளைப் போட்டு ஒரு முழு வகுப்பு நடத்திப் பாருங்கோ, அந்த ஒரு வகுப்பு உங்களுக்குச் சொல்லுறதை எந்த வேகச் சோதனை ஸ்கோரும் சொல்லாது.

முறைப்பாடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிட்ட. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில வாங்கிற ஆக்களைத் தவறா வழிநடத்துற மாதிரி விக்கிறது குற்றம். போன் நம்பர் 1977. பில்லும் விளம்பர நோட்டீசும் இருந்தா ரெண்டையும் கொப்பி எடுத்து வைச்சிருங்கோ, பில்லில 'லப்டொப்' எண்டு மட்டும் எழுதியிருந்தா அது கஷ்டம், அதால இந்த முறை பில்லில முழு மொடல் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதுவிச்சுப்போட்டுக் காசைக் குடுங்கோ.